சிறிய மில்லிங் இயந்திரத்திற்கு ஏற்ற ஃபேஸ் கட்டர் எது?

பூனாகலைப் பக்கத்துத் தோட்டமொன்றின் ஸ்டோரிலிருந்து ஒருநாள் காலை எமது பட்டறைக்கு ஒரு பேரிங் மூடி வந்தது. கொழுந்து ரோலரின் கிராங்கைத் தாங்கும் பேரிங்கின் மேல்பாதி அது. வார்ப்பிரும்பு; முகத்தின் அகலம் 60 மில்லிமீற்றர். மூடியும் அடியும் சேரும் முகங்கள் தேய்ந்து குழி விழுந்திருந்தன. எவ்வளவு இறுக்கினாலும் உள்ளே வெண்கலப் புஷ் ஆடியது. முகத்தை ஒரு மில்லிமீற்றர் சீவிச் சமப்படுத்தினால் புஷ்ஷை மறுபடி பிடித்துக்கொள்ளும். கொழும்புக்கு அனுப்பினால் போகவும் வரவும் ஒரு வாரம். மலையில் கொழுந்து நிறைந்திருந்த மாதம் அது. ஒரு ரோலர் நின்றால் மற்ற ரோலர்கள் இரவிலும் ஓட வேண்டும். பறித்த கொழுந்து காத்திருக்காது. "இரண்டு நாளில் முடியுமா, பாதர்?" என்று ஸ்டோர் டீமேக்கர் கேட்டார். முடியும் என்று நாம் சொல்லிவிட்டோம்.

எம்மிடம் இருப்பது மேசைமேல் வைக்கும் சிறிய மில்லிங் இயந்திரம். வீட்டு மின்சாரத்தில், அதாவது 230 வோல்ட் ஒற்றை பேஸில் ஓடும். மோட்டார் 750 வாட், ஏறத்தாழ ஒரு குதிரைவலு. அதற்கென்று நாமே தெரிந்தெடுத்து வரவழைத்த ஃபேஸ் கட்டர் 80 மில்லிமீற்றர் விட்டமும் ஆறு கார்பைட் டிப்பும் கொண்டது. வேலையின் அகலத்தைவிட கட்டர் மூன்றில் ஒரு பங்கு பெரிதாக இருக்கவேண்டும் என்று விலைப்பட்டியல் புத்தகத்தில் படித்திருந்தோம். அறுபதுக்கு எண்பது. கணக்கு அச்சொட்டாகப் பொருந்தியது.

முதல் தொடுகையிலேயே இயந்திரம் அலறியது. தலைப்பகுதி கண்ணுக்குத் தெரியும்படி அதிர்ந்தது. இரண்டு அங்குலம் போவதற்குள் மோட்டார் திணறி நின்றது. ஆறு டிப்பில் இரண்டின் முனை உடைந்திருந்தது. மூடியின் முகத்தில் உழவு போட்டதுபோல் வரிகள். எம்மிடம் தொழில் பழகிக்கொண்டிருந்த லயத்துப் பையன் ஒருவன் மெல்லச் சொன்னான்: "பாதர், மெசினுக்கு வாய் சின்னது, சோத்து உருண்டை பெருசு."

குருமடத்தில் எமக்கு மெய்யியலும் இறையியலும் கற்பித்தார்கள். கட்டர் வாங்கக் கற்பிக்கவில்லை. அந்தப் பையன் ஒரே வரியில் சொன்னதைக் கணக்கோடு விளங்கிக்கொள்ள எமக்குச் சில வாரங்கள் பிடித்தன. ஊவாவின் தோட்டப் பகுதிகளிலும் வெலிமடை, பண்டாரவளைப் பக்கங்களிலும் சிறு பட்டறை தொடங்க எண்ணும் இளைஞர்கள் அதே பணத்தை அதே இடத்தில் விடாதிருக்கவே இந்தப் பாடம்.

ஏன் இங்கே?

மலைநாட்டுக்கு இயந்திர வேலை புதிதல்ல. கோப்பிக் காலத்திலேயே, 1854இல், ஜோன் வோக்கர் கண்டியில் பட்டறை தொடங்கினார். கோப்பி அழிந்து தேயிலை வந்தபின் ரோலர், டிரையர், தண்ணீர்ச் சக்கரம் எல்லாவற்றையும் பழுதுபார்க்கத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. பெரிய ஸ்டோர்களில் லேத்தும் கொல்லுலையும் பிட்டரும் இருந்த காலத்தை முதியவர்கள் இன்றும் சொல்வார்கள். 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனபின் பல ஸ்டோர்கள் மூடப்பட்டன. ஓடுகிறவற்றிலும் பழைய பிட்டர்கள் ஓய்வுபெற்றுப் போனார்கள். 1959இல் ஜெர்மன் உதவியோடு தொடங்கி இன்று மொரட்டுவையில் இயங்கும் பயிற்சி நிலையம் போன்றவை நாட்டில் உண்டு. ஆனால் லயத்திலிருந்து அங்கே போய்த் தங்கிப் படிக்க எத்தனை பிள்ளைகளால் முடியும்? இங்கேயே ஒரு பட்டறை இருந்தால், ரோலர் மூடியோடு மரக்கறித் தோட்டக்காரரின் தண்ணீர்ப் பம்பும், முச்சக்கர வண்டியின் ஹெட்டும் வந்து சேரும். வேலைக்குக் குறைவில்லை. ஆனால் வந்த முதல் வேலையைக் கெடுத்தால் இரண்டாவது வேலை வராது.

ஃபேஸ் கட்டர் என்பது துண்டின் மேல்முகத்தைத் தட்டையாகச் சீவும் கட்டர். வட்டத் தட்டின் விளிம்பில் பற்கள் இருக்கும். அது சுழல, மேசை துண்டைக் கொண்டுவந்து அதன்கீழ் கொடுக்கும். இவ்வளவே விடயம். எந்த அளவு, எத்தனை பல், எப்படிப்பட்ட பல் என்பதில்தான் ஆள் விழுகிறான்.

இயந்திரம் எவ்வளவு தரும்?

பெயர்ப்பலகையில் 750 வாட் என்று இருக்கும். அது மோட்டார் உச்ச வேகத்தில் தருவது. மின்னணு முறையில் வேகத்தைக் குறைக்கும் சிறிய இயந்திரங்களில், குமிழைத் திருகி வேகத்தைப் பாதியாக்கினால் கிடைக்கும் வலுவும் ஏறக்குறைய பாதியாகிவிடும். இதை விற்பவர் யாரும் சொல்வதில்லை. கியர் மாற்றினால் வேறு கதை. கியர் வேகத்தைக் குறைத்துத் திருப்பும் பலத்தைக் கூட்டும். எமது இயந்திரத்தில் இரண்டு கியர் உண்டு. தாழ்ந்த கியரில் உச்ச வேகம் நிமிடத்திற்கு 1,000 சுற்று.

இப்போது கட்டரை எவ்வளவு வேகமாகச் சுற்றவேண்டும் என்று பார்ப்போம். பல்லின் முனை உலோகத்தைக் கடக்கும் வேகத்தை வெட்டு வேகம் என்கிறோம். கார்பைட்டுக்கு வார்ப்பிரும்பில் நிமிடத்திற்கு 80 மீற்றர், சாதாரண இரும்பில், அதாவது மைல்ட் ஸ்டீலில், 120 மீற்றர் என்று வைத்துக்கொள்ளலாம். ஹை ஸ்பீட் ஸ்டீலுக்கு மைல்ட் ஸ்டீலில் 25 மீற்றர் போதும். இதிலிருந்து சுற்று எண்ணிக்கையைப் பெற ஒரு சுலபமான வழி: 318ஐ வெட்டு வேகத்தால் பெருக்கி, கட்டரின் விட்டத்தை மில்லிமீற்றரில் எடுத்து அதனால் வகுக்கவேண்டும். இதைப் பட்டறைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறோம்.

எமது 80 மில்லிமீற்றர் கட்டரைப் பாருங்கள். வார்ப்பிரும்புக்கு 318 × 80 ÷ 80 = 318 சுற்று. தாழ்ந்த கியரின் உச்சமான ஆயிரத்தில் இது மூன்றில் ஒரு பங்குகூட முழுதாக இல்லை. எனவே 750 வாட்டில் கிடைப்பது சுமார் 240; கியரும் பேரிங்கும் தின்றது போக ஏறக்குறைய 200 வாட். கட்டரின் முனையில் ஒரு கிலோவாட் இருந்தால் நிமிடத்தில் வார்ப்பிரும்பு 40 கன சென்ரிமீற்றர் அளவும், மைல்ட் ஸ்டீல் 25 அளவும் வெட்டலாம் என்பது மேலோட்டமான கணக்கு. அப்படியானால் 200 வாட்டுக்கு வார்ப்பிரும்பில் 8 கன சென்ரிமீற்றர்.

நாம் கேட்டது எவ்வளவு? ஆறு பல், பல்லுக்கு 0.1 மில்லிமீற்றர் நகர்வு, 318 சுற்று. மேசை நிமிடத்தில் 190 மில்லிமீற்றர் நகரும். அகலம் 60, ஆழம் 1. பெருக்கினால் 11 கன சென்ரிமீற்றருக்கு மேல். இருப்பது எட்டு, கேட்டது பதினொன்று. மோட்டார் நின்றதில் வியப்பென்ன?

அதே வேலையை 50 மில்லிமீற்றர் விட்டமுள்ள, நான்கு பல் கட்டரால் செய்தால் என்னவாகும்? 318 × 80 ÷ 50 = 509 சுற்று. ஆயிரத்தில் பாதி. எனவே பாதி வலு, இழப்புப் போக 300 வாட். 12 கன சென்ரிமீற்றர் வெட்டத் தெம்பு இருக்கிறது. ஒரு போக்கில் 35 மில்லிமீற்றர் அகலம், அரை மில்லிமீற்றர் ஆழம், பல்லுக்கு 0.08 நகர்வு என்று எடுத்தால் நாம் கேட்பது மூன்று கன சென்ரிமீற்றருக்கும் குறைவு. சிறிய கட்டர் வேகமாகச் சுற்றுவதால் மோட்டார் அதிகம் தருகிறது. நாமோ குறைவாகக் கேட்கிறோம். இரண்டு பக்கத்திலும் லாபம். அறுபது மில்லிமீற்றர் முகத்தை இரண்டு தடவை போகவேண்டும், ஆழத்திற்கு இன்னும் இரண்டு. ஆகட்டுமே. மொத்தம் நான்கு போக்கு. ஒரு கோப்பை பிளேன்டி குடிக்கும் நேரம் கூடும்.

தொழிற்சாலைக்கு எழுதிய விதியை நாம் பட்டறைக்கு எடுத்துக்கொண்டதுதான் பிழை. வேலையைவிடக் கட்டர் பெரிதாக இருக்கட்டும் என்பது பத்துக் குதிரைவலு இயந்திரத்திற்குச் சரி. அங்கே நேரம் காசு. சிறிய இயந்திரத்தில் கட்டரின் அளவை வேலை தீர்மானிப்பதில்லை, இயந்திரமே தீர்மானிக்கிறது.

வலு மட்டும் அல்ல, விறைப்பும் இருக்கிறது. பல் வெட்டும் இடம் நடுவிலிருந்து 40 மில்லிமீற்றர் தள்ளி இருப்பதும் 25 மில்லிமீற்றர் தள்ளி இருப்பதும் ஒன்றல்ல. மண்வெட்டிப் பிடி நீண்டால் கை நோவதுபோல, விட்டம் கூடக்கூட ஸ்பிண்டிலும் தூணும் முறுக்குண்கின்றன. சிறிய இயந்திரத்தின் தூண் மெல்லியது. அந்த அலறல் மோட்டாரிலிருந்து வந்ததல்ல, தூண் அதிர்ந்த சத்தம்.

ஆகவே எமது சிபாரிசு: மேசைமேல் வைக்கும் 500 முதல் 1,000 வாட் இயந்திரத்திற்கு 40 அல்லது 50 மில்லிமீற்றர் கட்டர். 63 என்பது எல்லை. அதையும் அலுமினியத்தில் மட்டும். எண்பது வேண்டாம், இனாமாகக் கிடைத்தாலும்.

பல்லின் எண்ணிக்கையும் டிப்பின் எழுத்தும்

நாற்பதுக்கு மூன்று பல், ஐம்பதுக்கு நான்கு பல் போதும். ஐம்பது மில்லிமீற்றர் கட்டரின் நடுக்கோட்டில் 35 மில்லிமீற்றர் அகலத்தை வெட்டும்போது பல் ஏறத்தாழ கால் சுற்று உலோகத்துக்குள் இருக்கும். நான்கு பல் என்றால் ஒன்று வெளியேறும் நேரம் அடுத்தது நுழைகிறது. எப்போதும் ஒரு பல் வெட்டிக்கொண்டிருப்பதால் அடி விழாது, அதிர்வும் குறையும். பல் கூடினால் வலு அதிகம் கேட்கும், டிப் செலவும் கூடும். 2022இல் டொலர் 200 ரூபாய் அளவிலிருந்து மே மாதத்திற்குள் 360 ரூபாயை எட்டியபோது, வெளிநாட்டிலிருந்து வரும் ஒவ்வொரு டிப்பும் எமக்குக் கண்ணில் பட்டது. ஆறு டிப்பைவிட நான்கு டிப் என்பது அப்போது சின்ன விடயமாக இருக்கவில்லை.

டிப்பின் பெட்டியில் ஆங்கில எழுத்துகள் வரிசையாக இருக்கும். ஆங்கிலம் தெரியாத பிள்ளைகள் அதைக் கண்டு மிரளவேண்டியதில்லை. முதல் எழுத்து டிப்பின் வடிவம். எமக்கு முக்கியமானது இரண்டாவது எழுத்து. டிப்பின் பக்கச் சுவர் எவ்வளவு உள்நோக்கிச் சரிந்திருக்கிறது என்பதை அது சொல்கிறது. 'என்' என்றால் சரிவே இல்லை, பூச்சியம் பாகை. அத்தகைய டிப்பை இரண்டு பக்கமும் திருப்பிப் போடலாம், சிக்கனமாகத் தெரியும். ஆனால் அதைக் கட்டரில் முன்சாய்வாக வைக்கவேண்டியிருப்பதால் உலோகத்தை வெட்டுவதைவிடத் தள்ளவே செய்யும். பெரிய இயந்திரம் தள்ளும், சிறியது அழும். 'சி' என்றால் 7 பாகை, 'பேப்பர்' என்ற சொல்லின் முதலெழுத்தான 'பி' என்றால் 11 பாகை, 'ஈ' என்றால் 20 பாகை. இவற்றைப் பார்த்து வாங்குங்கள். சந்தையில் பரவலாகக் கிடைக்கும் ஏ.பி.கே.டி. வகையின் இரண்டாம் எழுத்து 11 பாகைக்குரிய 'பி', எஸ்.இ.எச்.டி. வகையில் அது 20 பாகைக்குரிய 'ஈ'. இரண்டும் எமது இயந்திரங்களுக்கு ஒத்துவரும்.

இன்னொரு இரகசியம். எழுத்து வரிசையின் பிற்பகுதியில் 'எஃப்' இருந்தால் வெட்டும் விளிம்பு கூர்மையானது. 'ஈ' இருந்தால் விளிம்பைச் சற்று மழுக்கியிருக்கிறார்கள். 'டி' என்றால் சிறு சரிவு கொடுத்திருக்கிறார்கள். மழுக்கிய விளிம்பு பலமானது, பெரிய நகர்வுக்கு ஏற்றது. எமது இயந்திரம் பல்லுக்கு 0.05 முதல் 0.1 மில்லிமீற்றர் மட்டுமே நகர்த்தும். அவ்வளவு மெல்லிய சீவலை மழுங்கிய விளிம்பு வெட்டாது. தேய்க்கும், சூடேற்றும், கத்தும். அலுமினியத்திற்கென்று பளபளப்பாகத் தீட்டிய டிப்பை மைல்ட் ஸ்டீலிலும் வார்ப்பிரும்பிலும் போட்டுப் பாருங்கள். சீக்கிரம் தேயும் என்பது உண்மை. ஆனால் சிறிய இயந்திரத்தில் அது வெண்ணெயில் கத்தி போவதுபோல் போகும். பெட்டியின் நிறத்தை மட்டும் பார்த்து, அதாவது நீலம் உருக்குக்கு, மஞ்சள் ஸ்டெயின்லெஸ்ஸுக்கு, சிவப்பு வார்ப்பிரும்புக்கு, பச்சை அலுமினியத்திற்கு என்று வாங்குகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

பயத்தில் மேசையை மிக மெதுவாகத் தள்ளுவதும் இதே கேட்டைத்தான் தரும். பழகுநர்கள் எல்லோரும் செய்யும் பிழை இது. சத்தம் வந்தால் ஆழத்தைக் குறையுங்கள், அல்லது சுற்றைக் குறையுங்கள், நகர்வைக் குறைக்காதீர்கள்.

கட்டரின் விளிம்புக் கோணம் 45 பாகையா 90 பாகையா என்றும் கேட்பார்கள். நாற்பத்தைந்து மென்மையாக நுழையும், சீவல் மெல்லிதாகும், வார்ப்பிரும்பின் ஓரம் பெயர்வதும் குறையும். தொண்ணூறு சுவரோரமாகப் படியும் வெட்டும். ஒன்றுதான் வாங்கப் பணம் உண்டு என்றால் தொண்ணூறை வாங்குங்கள். அதிக வேலைக்கு உதவும்.

நாமே செய்யும் கட்டர்

இவற்றையெல்லாம் வாங்கமுன் ஒவ்வொரு பட்டறையும் தன் கையால் செய்யக்கூடிய கட்டர் ஒன்று உண்டு. ஃபிளை கட்டர் என்பார்கள். ஒரே பல். ஐம்பது மில்லிமீற்றர் உருண்டை மைல்ட் ஸ்டீல் துண்டொன்று, ஸ்டோரில் கழித்துப்போட்ட ஷாப்ட்டின் முனைகூடப் போதும். ஒரு முனையை லேத்தில் 20 மில்லிமீற்றர் தண்டாகக் கடைந்துகொள்ளுங்கள். மறுமுனையைச் சரிவாகச் சீவி, அந்தச் சரிவில் 8 மில்லிமீற்றர் பள்ளம் வெட்டுங்கள். ஹை ஸ்பீட் ஸ்டீல் கத்தியை அதில் வைத்து இரண்டு அல்லது மூன்று திருகால் இறுக்குங்கள். ஒரு திருகு போதாது. கத்தி பறந்தால் ஆளை அடிக்கும்.

ஹை ஸ்பீட் ஸ்டீல் பழைய சரக்கு. 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் டெய்லரும் வைட்டும் இதைக் கொண்டு இரும்பு வெட்டிக்காட்டியபோது, கத்தி முனை சிவந்த பிறகும் வெட்டியதைக் கண்டு ஐரோப்பா அதிசயித்தது. அதற்குப்பின் 1926இல் ஜெர்மனியின் க்ரூப் கம்பனி 'விடியா' என்ற பெயரில் கார்பைட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 'வைரத்தைப் போல' என்பது அப்பெயரின் பொருள். கார்பைட் வேகம் கேட்கும், விறைப்பும் கேட்கும். ஹை ஸ்பீட் ஸ்டீல் பொறுமைசாலி. மெதுவாகவும் வெட்டும், அதிர்ந்தாலும் எளிதில் உடையாது, மழுங்கினால் சாணைக்கல்லில் ஐந்து நிமிடத்தில் கூர் பெறும். சென்ற இதழில் நாம் பார்த்த லேத் கத்தித் தீட்டலே இதற்கும். முன்பக்கச் சரிவு 8 முதல் 10 பாகை. மேற்சரிவு அலுமினியத்திற்கு 15க்கு மேல், வார்ப்பிரும்புக்கு மிகக் குறைவு, பித்தளைக்கும் வெண்கலத்திற்கும் இல்லவே இல்லை. நுனியைச் சிறிது உருட்டிவிடவேண்டும். ஊசி முனை வரி போடும்.

ஃபிளை கட்டர் பெரிய வட்டம் போடலாம். ஆனால் பல் ஒன்றுதானே, ஆறு பல்லின் சுமை இல்லை. இங்கேதான் அதன் பலம். வெலிமடைப் பக்கத்து உருளைக்கிழங்குத் தோட்டக்காரரின் தண்ணீர்ப் பம்பின் அலுமினிய ஹெட்டை எடுத்துக்கொள்வோம். தண்ணீர் இறைக்கும் பருவத்தில் அது சூடேறி நெளிந்து கேஸ்கட்டை ஊதித் தள்ளும். முகம் 80 மில்லிமீற்றர் அகலம். 90 மில்லிமீற்றர் வட்டம் போடும் ஃபிளை கட்டர், வெட்டு வேகம் 90 மீற்றர், ஆக 318 சுற்று. சுற்றுக்கு 0.1 மில்லிமீற்றர் நகர்வு. ஹெட்டைத் தாண்டி முழுதும் வெளியேற ஆறு நிமிடம். ஒரே போக்கு, மூட்டு வரியே இல்லாத கண்ணாடி முகம். இடையிடையே மண்ணெண்ணெய் தடவினால் அலுமினியம் கத்தியில் ஒட்டாது.

இரண்டு எச்சரிக்கை. ஹெட்டை அளவுக்குமேல் சீவாதீர்கள். கண்ணாடித் தட்டில் மை தடவி வைத்துப் பார்த்து, நெளிவு தீரும் அளவுக்கு 0.1 அல்லது 0.2 மில்லிமீற்றர் போதும்; கூடினால் எஞ்சினின் அழுத்தம் ஏறித் தட்டும். கிளாம்பை இழுத்து இறுக்கவும் வேண்டாம். நெளிந்த ஹெட்டைக் கிளாம்பால் தட்டையாக்கிச் சீவினால், கழற்றியதும் அது பழையபடி நெளியும். இடைவெளி உள்ள இடத்தில் கடதாசியோ மெல்லிய தகடோ வைத்து நிரப்பியபின் மெதுவாக இறுக்கவேண்டும்.

வார்ப்பிரும்பின் மேல்தோலுக்கு மட்டும் ஃபிளை கட்டர் தோற்றுவிடும். அந்தத் தோலில் மணலும் கருகலும் கலந்திருக்கும். ஹை ஸ்பீட் ஸ்டீலின் கூர் ஒரு அங்குலத்தில் போய்விடும். அங்கே கார்பைட் வேண்டும். அதற்கும் முதலில் கல்லால் தோலைத் தேய்த்து, கட்டர் வெளியேறும் ஓரத்தை அரத்தால் சற்று மழுக்கிவிட்டால் நல்லது. இல்லாவிட்டால் ஓரம் பிஸ்கட் போல் உடையும். வார்ப்பிரும்புக்கு எண்ணெயோ தண்ணீரோ வேண்டாம். வேலை முடிந்ததும் தூசியை ஊதாமல் துடைத்தெடுங்கள். ஊதினால் அது வழித்தடங்களுக்குள் போய்ச் சாணைபோல் அராவும்.

வாங்கும் போது

தபாலில் கட்டர் வந்த பின்னர் ஸ்பிண்டிலுக்குப் பொருந்தவில்லை என்ற கதைகள் எமக்குத் தெரியும். சிறிய இயந்திரங்களில் இரண்டு வகைக் கூம்புத் துளை உண்டு. ஒன்று மோர்ஸ் மூன்றாம் எண். மற்றது ஆர்.8, அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட் இயந்திரத்திலிருந்து வந்தது. ஒன்றில் மற்றது ஏறாது. மேலிருந்து இழுத்துப் பிடிக்கும் நீண்ட போல்ட்டின் மரையும் வேறு; மோர்ஸில் பெரும்பாலும் 12 மில்லிமீற்றர், ஆர்.8இல் 7/16 அங்குலம். கட்டரைத் தாங்கும் ஆர்பரின் முளையும் ஒத்துப்போகவேண்டும்: 40 மில்லிமீற்றர் கட்டருக்கு வழக்கமாக 16, ஐம்பதுக்கு 22, எண்பதுக்கு 27. ஆர்பர் குட்டையாக இருக்கட்டும். ஸ்பிண்டிலின் வாயிலிருந்து கட்டர் எவ்வளவு கிட்ட இருக்கிறதோ அவ்வளவு அமைதி.

மோர்ஸ் கூம்பு தானே இறுகிக்கொள்ளும். கழற்ற போல்ட்டை அரைச் சுற்று தளர்த்தி, பித்தளைச் சுத்தியலால் மேலே ஒரு தட்டுத் தட்டவேண்டும். ஓங்கி அடித்தால் அந்த அடி ஸ்பிண்டில் பேரிங்கில் விழும். எந்தக் கட்டரையும் துளைபோடும் சக்கில் பிடிக்காதீர்கள். அது கீழ்நோக்கிய அழுத்தத்திற்குச் செய்தது; பக்கத்து அடி பட்டால் கூம்பிலிருந்து கழன்று விழும், சுழன்றுகொண்டே.

முகம் தட்டையாக வரவேண்டுமானால் ஸ்பிண்டில் மேசைக்கு நேர் செங்குத்தாக நிற்கவேண்டும். டயல் கேஜை ஸ்பிண்டிலில் மாட்டி, மேசைமேல் 100 மில்லிமீற்றர் வட்டத்தில் கையால் சுற்றிப் பாருங்கள். நான்கு பக்கமும் 0.02க்குள் இருந்தால் போதும். இதிலும் சிறிய கட்டருக்கு லாபமுண்டு: அந்தச் சாய்வோடு 80 மில்லிமீற்றர் கட்டர் இரண்டு போக்குகளுக்கிடையே 0.016 படி விடும், ஐம்பது 0.01 தான் விடும்.

மேசையின் திருகில் ஆட்டம் இருக்கும். அதனால் துண்டு வரும் திசையைப் பல் எதிர்த்து வெட்டும்படி ஓட்டவேண்டும். கூடவே வெட்டினால் கட்டர் துண்டைத் தன்பக்கம் பறித்துக்கொள்ளும். நகராத அச்சைப் பூட்டிவிடுங்கள். சூடான சீவல் கழுத்துக்குள் போகும், கண்ணுக்கும் வரும். கண்ணாடி இல்லாமல் எவரும் பொத்தானைத் தொடக்கூடாது என்பது எமது பட்டறையின் சட்டம். கையுறை கூடாது. குளிர்காலத்தில் பையன்கள் கழுத்தில் சுற்றிவரும் மப்ளரும் கூடாது. அதற்கு வாசலில் ஒரு ஆணி அடித்திருக்கிறோம்.

டீமேக்கரின் மூடியைக் கடைசியில் நாம் எப்படி முடித்தோம் என்று கேட்பீர்கள். இரண்டு நாள் என்றது நான்கு நாளாயிற்று. மறுநாள் பண்டாரவளையிலுள்ள ஒரு பட்டறைக்காரரிடம் 40 மில்லிமீற்றர் மூன்று பல் கட்டரை இரவல் கேட்டோம். மூன்று டிப்பில் ஒன்று பழையது. 318 × 80 ÷ 40 = 636 சுற்று. மாலையில் லயங்களில் விளக்கு எரியத் தொடங்கினால் எமது பக்கத்தில் மின்னழுத்தம் இறங்கிவிடும் என்பதால் விடிகாலையில் ஓட்டினோம். 30 மில்லிமீற்றர் அகலத்தில் இரண்டு போக்கு, கால் மில்லிமீற்றர் வீதம் நான்கு ஆழம். எட்டுப் போக்கும் கத்தாமல் போயிற்று. சோற்றுருண்டை சொன்ன பையன்தான் மேசையை ஓட்டினான். டீமேக்கர் வந்து மூடியை அடியோடு சேர்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார், ஒளி நுழையவில்லை. "ரெண்டு நாள்னு சொன்னீங்களே, பாதர்" என்று மட்டும் சொன்னார். அடுத்த மாதம் அடிப்பாதியையும் அனுப்பினார்.

பிறகு எமக்கென்று 50 மில்லிமீற்றர் கட்டர் ஒன்று வாங்கினோம். எண்பது இன்னும் அலமாரியில் இருக்கிறது. உடையாத நான்கு டிப்பையும் ஐம்பதில் போடலாம் என்று பார்த்தால் அளவு வேறு. புதிதாகத் தொழில் பழக வரும் பிள்ளையின் கையில் முதல்நாள் அதைக் கொடுத்து, மைல்ட் ஸ்டீலுக்கு எத்தனை சுற்று, எமது மோட்டார் அப்போது எவ்வளவு தரும் என்று கரும்பலகையில் கணக்குப் போடச் சொல்கிறோம்.